மருத்துவ ஆய்வாளரின் தாக்கத்தை அளப்பது எப்படி? மேற்கோள்களும் கூட்டாய்வுகளும் சொல்வதும் சொல்லாததும்

1980ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஐந்தே வாக்கியங்கள் கொண்ட ஒரு கடிதம் வெளியானது. மருத்துவமனையில் சேர்ந்து ஓபியாய்டு வகை வலிநிவாரணி மருந்து பெற்ற 11,882 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்ததில், புதிதாக அதற்கு அடிமையானதாகத் தெளிவாகப் பதிவானவர்கள் நான்கே பேர் என்பது அதன் சாரம். அந்தக் கடிதத்தை யாரெல்லாம் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கனடா ஆய்வாளர்கள் சிலர் 2017இல் எண்ணிப் பார்த்தார்கள். மொத்தம் 608. அதே காலத்தில் அதே இதழில் வந்த மற்ற கடிதங்களுக்குக் கிடைத்த மேற்கோள்களின் இடைநிலை மதிப்பு (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) 11தான். அந்த 608இல் 72 சதவீதம், ஓபியாய்டு எடுத்தால் அடிமையாவது அரிது என்பதற்கு அதைச் சான்றாக வைத்தன. 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவை, அந்த நோயாளிகள் மருத்துவமனைக்குள் கண்காணிப்பில் இருந்தவர்கள் என்பதைச் சொல்லவே இல்லை. அமெரிக்காவில் வலிநிவாரணி நெருக்கடி வளர்ந்ததில் இந்த மேற்கோள்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது அந்த ஆய்வாளர்களின் முடிவு.

மேற்கோள்களை எண்ணும் எந்தச் சூத்திரமும் இதைக் கண்டு எச்சரித்திருக்காது. சூத்திரத்தின் கண்ணுக்கு அது அபார வெற்றி. ஒரு ஆய்வைப் பிறர் எடுத்தாண்டார்கள் என்பதைத்தான் எண்ணிக்கை காட்டும். சரியாக எடுத்தாண்டார்களா, அதனால் நோயாளிக்கு நன்மையா தீமையா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதற்காக எண்ணுவதையே விட்டுவிட முடியாது. பதவி உயர்வு, ஆய்வு நிதி, விருது என எதற்குக் குழு கூடினாலும் இந்த எண்கள் மேசைக்கு வந்துவிடும். எந்தக் குறியீடு உயர்ந்தது என்றுதான் வழக்கமாகச் சண்டை நடக்கிறது. உண்மையில் முடிவைப் புரட்டிப்போடுவது அதற்கு முந்தைய இரண்டு விஷயங்கள்: எந்தப் பட்டியலை வைத்து எண்ணினோம், எந்தக் கேள்விக்காக எண்ணினோம்.

முதலில் பட்டியல்

ஒரு கட்டுரையைப் பின்னர் வந்த எந்தெந்தக் கட்டுரைகள் குறிப்பிட்டிருக்கின்றன என்று தேட ஓர் அட்டவணை வேண்டும் என்ற யோசனையை யூஜின் கார்ஃபீல்டு 1955இல் சயன்ஸ் இதழில் முன்வைத்தார். அவருடைய நிறுவனம் 1964இல் சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸை வெளியிட்டது. அது நூலகத்தில் தேடுவதற்கான கருவி. ஆட்களுக்கு மதிப்பெண் போடும் வேலை பிற்பாடு அதன் தலையில் ஏற்றப்பட்டது. இன்றைய வெப் ஆஃப் சயன்ஸ் அதன் வாரிசு. 2004இல் ஸ்கோபஸும் கூகுள் ஸ்காலரும் சேர்ந்துகொண்டன.

மூன்றிலும் ஒரே ஆளைத் தேடினால் மூன்று எண்கள் வரும். பெரும்பாலும் கூகுள் ஸ்காலரில்தான் அதிகம் இருக்கும். ஆய்வேடு, புத்தகம், முன்பதிப்பு (இதழில் வெளியாகும் முன்பே இணையத்தில் இடும் வடிவம்), மாநாட்டுச் சுருக்கம், பல்கலைக்கழகத் தளத்தில் கிடக்கும் பிடிஎஃப் என்று கண்ணில் படுவதிலிருந்தெல்லாம் அது மேற்கோளைப் பொறுக்கிக்கொள்ளும். மற்ற இரண்டும் தேர்ந்தெடுத்த இதழ்களைத்தான் எண்ணும். அதனால் அவற்றில் குப்பை குறைவு. ஆங்கிலமல்லாத இதழ்களும் புத்தகங்களும் விடுபடுவது அதிகம். எது சரி என்று கேட்பதில் பயனில்லை. ஒப்பிடப்படும் எல்லாருக்கும் ஒரே தளத்தில், ஒரே நாளில் எண்ணை எடுக்க வேண்டும். தளத்தின் பெயரையும் தேதியையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். ஒருவருக்கு ஸ்காலர் எண், இன்னொருவருக்கு ஸ்கோபஸ் எண் என்று வைத்த அட்டவணையை அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம்.

அடுத்தது பெயர்ச் சிக்கல். முதலெழுத்தும் ஒரு பெயரும் மட்டும் கொண்டவர்கள், குடும்பப்பெயர் மரபு இல்லாதவர்கள், திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றியவர்கள், மிகப் பரவலான குடும்பப்பெயர் கொண்டவர்கள் ஆகியோரைத் தரவுத்தளங்கள் தவறாகப் பிரிக்கும் அல்லது ஒட்டும். ஒருவருடைய கட்டுரைகள் மூன்று கணக்குகளில் சிதறிக் கிடந்தால் எண் குறையும். இருவருடையவை ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் இதயநோய் மருத்துவர் ஒருவரின் பக்கத்தில் மண்ணியல் கட்டுரைகள் நிற்கும். 2012இல் தொடங்கிய ஓர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் இதற்குப் பெரிய உதவிதான். ஆனால் அதை நிரப்புபவர் ஆய்வாளரே. பாதி காலியாகக் கிடக்கும் ஓர்கிட் பக்கங்கள் ஏராளம். ஆகவே ஓர்கிட் பட்டியல், ஸ்கோபஸ் பட்டியல், ஆய்வாளர் தரும் சுயவிவரப் பட்டியல் மூன்றையும் கட்டுரையின் டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண்ணைக் கொண்டு பொருத்திப் பார்ப்பதே பாதுகாப்பான வழி. மூன்றிலும் இல்லாமல் ஒன்றில் மட்டும் இருப்பதைக் கையால் திறந்து பார்க்க வேண்டும்.

அப்படித் திறந்து பார்க்கும்போது மருத்துவத் துறைக்கே உரிய சில கோளாறுகள் கிடைக்கும். மாநாட்டுச் சுருக்கங்கள் இதழின் இணைப்பிதழில் வெளியாகித் தனிக் கட்டுரை போல நிற்கும். முன்பதிப்பும் இறுதி வடிவமும் இரண்டு பதிவாகி மேற்கோள்கள் பிரிந்து கிடக்கும். பிழைதிருத்தக் குறிப்பு தனிப் பதிவாகியிருக்கும். ஆசிரியருக்கு எழுதிய ஒரு பத்திக் கடிதமும், 4,000 பேரைச் சேர்த்த கிளினிக்கல் ட்ரையலும் (சிகிச்சையை மனிதர்களிடம் சோதிக்கும் ஆய்வு) ஒரே வரிசையில் ‘ஒரு கட்டுரை’ என்று எண்ணப்பட்டிருக்கும். பெரிய கூட்டாய்வுகளில் ஆசிரியர் இடத்தில் குழுவின் பெயர் மட்டும் இருக்கும். உறுப்பினர்களைப் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளம் ‘கூட்டுப்பணியாளர்’ என்று தனியாகக் காட்டும். சில தரவுத்தளங்கள் அவர்களை ஆசிரியராகவே எண்ணிவிடும், சில அடியோடு விட்டுவிடும். எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே முடிவு செய்து எழுதிவைக்காவிட்டால் பின்னால் எல்லாம் கோணலாகும். கடைசியாக, பட்டியலை ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுத் திரும்பப் பெறப்பட்டவை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். திரும்பப் பெறப்பட்ட பிறகும் கட்டுரைகள் மேற்கோள் வாங்கிக்கொண்டேதான் இருக்கும். 1998இல் லான்செட்டில் வந்து 2010இல் திரும்பப் பெறப்பட்ட, தட்டம்மைத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட கட்டுரைக்கு இன்றும் எண்ணிக்கை ஏறுகிறது. அதைக் கண்டித்து எழுதுபவர்களும் அதைக் குறிப்பிட்டாக வேண்டுமே.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

பட்டியல் சுத்தமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆய்வாளருக்கு 12 கட்டுரைகள். மேற்கோள்களை இறங்குவரிசையில் அடுக்கினால் 310, 96, 54, 40, 22, 15, 11, 9, 8, 4, 1, 0. மொத்தம் 570. சராசரி 47.5. ஆனால் வரிசையின் நடுவில் நிற்கும் மதிப்பு 13தான். சராசரியை மட்டும் சொன்னால் இவருடைய வழக்கமான கட்டுரை ஏறக்குறைய ஐம்பது முறை எடுத்தாளப்படுகிறது என்று தோன்றும்; நடந்திருப்பதோ, ஒரே கட்டுரை மொத்தத்தில் பாதிக்கு மேல் சுமந்திருக்கிறது. மேற்கோள்கள் எங்கும் இப்படித்தான் சாய்ந்து கிடக்கும். இடைநிலை மதிப்பைச் சேர்க்காமல் சராசரியைத் தரும் அறிக்கையை நம்பக்கூடாது.

இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் சொன்ன எச்-குறியீடு இந்தச் சாய்வைச் சமாளிக்க வந்தது. குறைந்தது எச் மேற்கோள் பெற்ற கட்டுரைகள் எச் இருந்தால் அதுவே எண். நம் வரிசையில் எட்டாவது கட்டுரைக்கு 9 மேற்கோள், சரி. ஒன்பதாவதற்கு 8, போதாது. எனவே எச் 8. கூகுள் ஸ்காலர் காட்டும் ஐ10, பத்து அல்லது அதற்கு மேல் பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை, இங்கே 7.

இப்போது 310 பெற்ற அந்தக் கட்டுரையைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். மொத்தம் 260 ஆகச் சரியும், சராசரி 23.6 ஆகும். எச்? மறுபடி எண்ணினால் எட்டாவது இடத்தில் 8 நிற்கிறது. எச் அதே 8. ஒருவரின் வாழ்நாளின் மிகப் பெரிய ஆய்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எச்-குறியீட்டுக்கு ஒன்றுதான். உச்சியில் உள்ளவை தனியே தெரியட்டும் என்று லியோ எக்கே 2006இல் ஜி-குறியீட்டைச் சொன்னது இதனால்தான்.

எதிர்ப்பக்கம் இன்னும் சுவாரசியமானது. ஒன்பதாவது கட்டுரைக்கு 8 மேற்கோள். அடுத்து எழுதும் கட்டுரையில் ஆய்வாளர் தானே அதை ஒருமுறை குறிப்பிட்டால் 9 ஆகும். எச் 9க்கு ஏறிவிடும். பத்தாக்க வேண்டுமா? ஆரம்ப நிலையிலிருந்து 9ஐ 10 ஆக்க ஒன்று, 8ஐ 10 ஆக்க இரண்டு, 4ஐ 10 ஆக்க ஆறு: சரியான இடத்தில் போட்ட ஒன்பது மேற்கோள் போதும். மொத்த எண்ணிக்கையில் ஒன்பது கூடினால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

எச் ஒருபோதும் குறையாது, வயதோடு ஏறும், துறைக்குத் துறை மாறும். முதல் கட்டுரை வந்த ஆண்டிலிருந்து எத்தனை ஆண்டு ஆனதோ அதால் வகுத்தால் வயதுக் கோளாறு ஓரளவு தீரும். மகப்பேறு விடுப்பு, நெடிய சிறப்பு மருத்துவப் பயிற்சி போன்ற இடைவெளிகளை அந்த ஆண்டுக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். தானாக எந்தத் தளமும் கழிக்காது. எச்-குறியீடு மோசமாகத் தவறக்கூடும், எதிர்பாராத தீய விளைவுகளையும் தரக்கூடும் என்று 2020இல் ஹிர்ஷே எழுதினார்.

துறை, ஆண்டு, வகை

புற்றுநோயியலில் 40 மேற்கோளும், குழந்தை அறுவை சிகிச்சையில் 40 மேற்கோளும் ஒன்றல்ல. முதலாவதில் எழுதுபவர்கள் அதிகம், ஒவ்வொரு கட்டுரையின் ஆதாரப் பட்டியலும் நீளம், அதனால் மேற்கோள்களின் மொத்தப் புழக்கமே பெரிது. கட்டுரையின் வகையும் அப்படியே. 1951இல் புரத அளவைக் காணும் முறையை விவரித்த லௌரி குழுவின் கட்டுரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்று உலகிலேயே முதலிடத்தில் நிற்கிறது. சோதனைச்சாலையில் அந்த முறையைப் பயன்படுத்திய ஒவ்வொருவரும் அதைக் குறிப்பிட்டார்கள், அவ்வளவுதான். முறை விளக்கம், மீளாய்வு, சிகிச்சை வழிகாட்டுநெறி, நோய்ப் புள்ளிவிவரத் தொகுப்பு ஆகிய நான்கும் எப்போதும் உயரத்தில் நிற்கும். அரிய நோயைப் பற்றிய கச்சிதமான ஆய்வு தாழ்ந்தே கிடக்கும்.

அதனால்தான் ஒப்பீட்டு அளவைகள் வந்தன. ஸ்கோபஸ் தரும் துறைசார் மேற்கோள் தாக்கத்தில், அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகளின் உலகச் சராசரி 1. ஒருவருக்கு 1.6 என்றால் சராசரியைவிட 60 சதவீதம் கூடுதல். அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2016இல் அறிமுகப்படுத்திய ஒப்பு மேற்கோள் விகிதம் இன்னொரு வழியில் போகிறது: ஒரு கட்டுரை எந்தெந்தக் கட்டுரைகளோடு சேர்த்து மேற்கோள் காட்டப்படுகிறதோ அவற்றையே அதன் துறையாக எடுத்துக்கொண்டு, அந்த நிறுவனங்களின் நிதி பெற்ற கட்டுரைகளோடு ஒப்பிடுகிறது. ஐசைட் என்ற இலவசக் கருவியில் பப்மெட் எண்களை ஒட்டினால் சில நொடிகளில் விடை வரும். மருத்துவ ஆய்வாளருக்குப் பொருத்தமான கருவி என்றால் என் கணக்கில் முதலில் இதைத்தான் சொல்வேன். குறையும் உண்டு: சிறிய துறைக் கட்டுரை ஒன்றைப் பெரிய துறையினர் எடுத்தாளத் தொடங்கினால், ஒப்பிடப்படும் கூட்டமும் பெரிய துறையாக மாறிவிடும். வெளியாகி ஓரிரண்டு ஆண்டுகூட ஆகாதவற்றின் விகிதம் ஒன்றிரண்டு மேற்கோளிலேயே தாவிக் குதிக்கும். இருபதுக்கும் குறைந்த கட்டுரைகளின் சராசரி விகிதத்தை இரண்டு தசம இடத்துக்குச் சொல்வது வெறும் அலங்காரம். தன் துறையில் மேல் 10 சதவீதத்துக்குள் வந்த கட்டுரைகள் எத்தனை என்று சொன்னால் போதும்.

ஆய்விதழின் தாக்கக் காரணியை ஆளுக்கு மதிப்பெண்ணாகக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்டவற்றுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களை, அந்த இரண்டு ஆண்டின் ஆய்வுக் கட்டுரைகள் மற்றும் மீளாய்வுகளின் எண்ணிக்கையால் வகுத்து வருவது அது. பின்னத்தின் மேலே உள்ள தொகுதியில் கடிதத்துக்கும் தலையங்கத்துக்கும் வந்த மேற்கோளும் சேரும். கீழே உள்ள பகுதியில் அவை எண்ணப்படுவதில்லை. புற்றுநோயியல் இதழான சிஏவுக்கு 2020க்கான தாக்கக் காரணி 500ஐத் தாண்டியது. ஆண்டுதோறும் அது வெளியிடும் புற்றுநோய்ப் புள்ளிவிவரக் கட்டுரைகளை உலகமே மேற்கோள் காட்டுவதுதான் காரணம். அதே இதழில் பக்கத்துப் பக்கத்தில் எழுதியவருக்கு அதில் என்ன பங்கு? 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்விதழ் ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் உருவாக்கிய டோரா பிரகடனம், பணி நியமனத்திலும் நிதியிலும் இதழ்சார் எண்களைத் தனியாளுக்கு மாற்றாக வைக்காதீர்கள் என்று கேட்டது. கையெழுத்திட்ட நிறுவனங்கள் பல. கையெழுத்திட்ட பிறகும் விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கட்டம் அப்படியே இருக்கும் இடங்களும் உண்டு.

பெயர் எந்த இடத்தில் இருக்கிறது

மருத்துவக் கட்டுரைகளில் முதல் பெயர் பெரும்பாலும் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் குழுவை வழிநடத்தியவருடையது. நடுவில் நிற்பவர்களின் பங்கு மிகப் பெரிதாகவும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு ஆசிரியர் என்பதற்கு நான்கு நிபந்தனைகளை வைத்திருக்கிறது: திட்டமிடலிலோ தரவுத் திரட்டலிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது ஆழமாகத் திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்பு. நான்கும் சேர்ந்தே வேண்டும். துறைத்தலைவர் என்பதற்காகப் பெயர் சேர்ப்பது இதில் எங்கும் வராது, நடைமுறையில் வருகிறது. 14 வகைப் பங்களிப்புகளைப் பிரித்துக் காட்டும் கிரெடிட் என்ற முறை இன்று பல இதழ்களின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அதைப் படிப்பதற்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் மதிப்பீட்டுக் குழுக்கள் அந்தப் பக்கம் போவது குறைவு.

நம் கணக்குக்குத் திரும்புவோம். அந்த 310 மேற்கோள் கட்டுரை 48 ஆசிரியர்கள் கொண்ட, பல மருத்துவமனைகளில் நடந்த ட்ரையல், இவர் 23ஆவது பெயர் என்று வையுங்கள். முழு எண்ணிக்கை முறையில் 48 பேருக்கும் ஆளுக்கு 310. பகிர்வு முறையில் 310ஐ 48ஆல் வகுத்து 6.5. இரண்டுமே முழு உண்மை அல்ல: முதலாவது ஒரே மேற்கோளை 48 முறை செலவழிக்கிறது, இரண்டாவது எல்லாரும் சமமாக உழைத்தார்கள் என்று பாசாங்கு செய்கிறது. இரண்டையும் பக்கம்பக்கமாகக் காட்டி, முதல் அல்லது கடைசிப் பெயராக உள்ள கட்டுரைகளுக்குத் தனி வரி கொடுப்பதே நடைமுறையில் நேர்மையானது. ஜான் அயனிடிஸ் குழு 2019 முதல் வெளியிட்டுவரும், ‘உலகின் முதல் இரண்டு சதவீத விஞ்ஞானிகள்’ என்று செய்திகளில் அடிபடும் தரவுத்தளத்தின் கூட்டு மதிப்பெண் ஏறக்குறைய இந்த எண்ணத்தில் அமைந்தது. மொத்த மேற்கோள், எச், இணையாசிரியர் எண்ணிக்கைக்கு ஏற்பத் திருத்திய எச், தனி ஆசிரியராக, தனி அல்லது முதல் ஆசிரியராக, தனி அல்லது முதல் அல்லது கடைசி ஆசிரியராக எழுதியவற்றின் மேற்கோள் என ஆறு கூறுகள் அதில் கலந்திருக்கின்றன. வாழ்நாள் பட்டியல் ஒன்று, ஒரே ஆண்டுக்கான பட்டியல் இன்னொன்று, இரண்டும் வேறு. வாழ்த்துச் செய்தியில் எது என்று யாரும் சொல்வதில்லை.

கூட்டாய்வு வலைப்பின்னல்

கூட்டாய்வை அளப்பவர்கள் ஆய்வாளர்களைப் புள்ளிகளாகவும், சேர்ந்து எழுதியதைப் புள்ளிகளுக்கு இடையிலான கோடாகவும் வரைகிறார்கள். மார்க் நியூமன் 1995 முதல் 1999 வரை மெட்லைன் என்ற மருத்துவத் தரவுத்தளத்தில் சேர்ந்த கட்டுரைகளை இப்படி வரைந்து 2001இல் வெளியிட்டார். 15 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள், கட்டுரைக்குச் சராசரி 3.75 பெயர்கள், ஒருவருக்குச் சராசரி 18 இணையாசிரியர்கள். 92 சதவீதம் பேர் ஒரே பெரிய வலைக்குள் இருந்தார்கள். அதில் எந்த இருவருக்கும் இடையே சராசரி தூரம் ஐந்து கோடுகளுக்கும் குறைவு.

தனியாளுக்கு இதில் மூன்று எண்கள் பயன்படும். எத்தனை பேரோடு கோடு இருக்கிறது என்பது முதலாவது. அவருடைய கூட்டாளிகள் தங்களுக்குள்ளும் சேர்ந்து எழுதுகிறார்களா என்பது இரண்டாவது: எல்லாரும் எல்லாரோடும் என்றால் அது மூடிய குழு. மூன்றாவது இடைமைத்தன்மை, அதாவது மற்றவர்களுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதைகளில் எத்தனை இவர் வழியாகப் போகின்றன என்பது. நோய்த்தொற்றியலாளரையும் புள்ளியியலாளரையும் நுண்ணுயிரியலாளரையும் இணைப்பவருக்கு மேற்கோள் குறைவாக இருந்தாலும் இந்த எண் உயர்ந்து நிற்கும். அவரை வலையிலிருந்து எடுத்தால் இரண்டு குழுக்கள் அறுந்து போகும். மேற்கோள் கணக்கு ஒருபோதும் காட்டாத ஒன்றைக் கூட்டாய்வு வரைபடம் காட்டுவது இங்கேதான்.

ஆனால் ஒரே ஒரு பெரிய கட்டுரை இந்த வரைபடத்தைக் குலைத்துவிடும். 48 பேர் எழுதிய கட்டுரை 1,128 கோடுகளை ஒரே அடியில் போடுகிறது. கொரோனா காலத்தில் அறுவை சிகிச்சை பற்றி 2021இல் வந்த ஓர் ஆய்வுக்கு 15,025 இணையாசிரியர்கள். கணக்குப் போட்டால் 11 கோடிக்கும் மேற்பட்ட கோடுகள். அவர்களில் பெரும்பாலோர் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டிருக்கக்கூட மாட்டார்கள். பரிகாரம் நியூமனே சொன்னது: ஒரு கட்டுரையில் இத்தனை பேர் என்றால் அந்த எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, அதன் தலைகீழ் பின்னத்தைக் கோட்டின் எடையாக வைப்பது. இருவர் மட்டும் எழுதினால் எடை 1. 48 பேர் எழுதினால் 47இல் ஒரு பங்கு. இன்னொரு எளிய வடிகட்டி, குறைந்தது இரண்டு வெவ்வேறு கட்டுரைகளில் சேர்ந்து எழுதியிருந்தால்தான் கோடு என்று வைப்பது. இரண்டையும் செய்த பிறகு மீதி நிற்பதே உண்மையான உழைப்பு உறவு.

பல நாட்டவர் சேர்ந்து எழுதிய கட்டுரைகள் அதிக மேற்கோள் பெறுவது நன்கு பதிவான போக்கு. அதிலிருந்து ‘வெளிநாட்டுக் கூட்டு தரத்தை உயர்த்துகிறது’ என்று தாவிவிடக் கூடாது. பணம் உள்ள, பெரிய ஆய்வுகளுக்குத்தான் பல நாட்டுக் கூட்டு அமைகிறது. பத்துப் பேர் எழுதினால், பிற்பாடு தங்கள் கட்டுரைகளில் அதைக் குறிப்பிடவும் பத்துப் பேர் இருக்கிறார்கள். கூட்டையும் மேற்கோளையும் தனித்தனி மதிப்பெண்ணாகக் கூட்டினால் ஒரே விஷயத்துக்கு இரண்டு முறை மதிப்பெண் போட்டதாகும்.

ஆகவே தற்சார்பற்ற மேற்கோள்களைத் தனியே பிரிக்க வேண்டும். ஆய்வாளரே தன்னைக் குறிப்பிட்டதை நீக்குவது முதல் படி. அந்தக் கட்டுரையின் எந்த இணையாசிரியர் குறிப்பிட்டிருந்தாலும் நீக்குவது இரண்டாம் படி. அயனிடிஸ் குழுவின் 2019 தரவில் இப்படிப்பட்ட சுயமேற்கோளின் இடைநிலை அளவு 12.7 சதவீதம், குறைந்தது 250 பேருக்கு அது பாதிக்கும் மேல் இருந்தது. நீண்டகால ஆய்வுத் தொடர் நடத்துபவர் தன் முந்தைய கட்டுரையைக் குறிப்பிட்டுத்தான் ஆக வேண்டும், அதில் குற்றமில்லை. விகிதம் தன் துறைச் சகாக்களைவிட இரண்டு மூன்று மடங்கு இருந்தால் திறந்து பார்க்க வேண்டும். இதற்கும் தப்புவது பரிமாற்றம்: நீ என்னைக் குறிப்பிடு, நான் உன்னைக் குறிப்பிடுகிறேன். இதழ்களே இதைச் செய்ததுண்டு. ஒன்றையொன்று மேற்கோளால் தூக்கிவிட்டதற்காக 2013இல் நான்கு பிரேசில் மருத்துவ இதழ்கள் அந்த ஆண்டுத் தாக்கக் காரணிப் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டன. தனியாளிடம் இதைக் கண்டுபிடிக்க, அவரை மேற்கோள் காட்டிய கட்டுரைகளின் முதல் ஆசிரியர்களையும் இதழ்களையும் எண்ணி வரிசைப்படுத்தினால் போதும். மேற்கோளில் நாலில் ஒரு பங்கு ஒரே இதழிலிருந்தோ மூன்று பேரிடமிருந்தோ வந்தால் அடுத்த கேள்வி என்ன என்று சொல்லத் தேவையில்லை.

எப்படி எடுத்தாண்டார்கள்

இதுவரை சொன்னதெல்லாம் கணினி செய்யும். இனி வருவதை ஆள் உட்கார்ந்து படிக்க வேண்டும், அதனால்தான் அது நடப்பதில்லை. ஆய்வாளரின் முக்கியமான ஐந்து கட்டுரைகளை எடுங்கள். ஒவ்வொன்றையும் மேற்கோள் காட்டியவற்றில் தற்செயலாக இருபதைத் தேர்ந்து, மேற்கோள் வரும் வாக்கியத்தை மட்டும் படியுங்கள். பின்னணிக்காகப் போகிற போக்கில் குறிப்பிட்டது, முறையைப் பயன்படுத்தியது, முடிவைச் சான்றாகக் கொண்டது, மறுத்தது என்று நான்காகப் பிரித்தால் நூறு வாக்கியங்களில் ஒரு படம் தெளியும். பாதிக்கு மேல் பின்னணி வகையாகவே இருந்தால் வியக்க வேண்டாம்.

மருத்துவத்தில் கூடுதலாக ஒன்று உண்டு: எந்த வகை ஆவணம் குறிப்பிட்டது என்பது. நூறு கட்டுரைகளின் முன்னுரையில் வருவதைவிட, ஒரு சிகிச்சை வழிகாட்டுநெறியின் பரிந்துரைக்கு ஆதாரமாக நிற்பது நோயாளிக்கு நெருக்கமானது. ஐசைட் ஒரு கட்டுரையைக் கிளினிக்கல் ட்ரையல்களும் வழிகாட்டுநெறிகளும் குறிப்பிட்டதைத் தனியாகக் காட்டும். ஆனால் உலக சுகாதார நிறுவனமும் அரசுகளும் வெளியிடும் ஆவணங்கள் பல வழக்கமான தரவுத்தளங்களுக்கு வெளியே இருப்பதால் அவற்றைத் தனியே தேட வேண்டும். முறைசார் மீளாய்வில் (ஒரு கேள்வி குறித்த ஆய்வுகளையெல்லாம் தேடித் தொகுப்பது) சேர்க்கப்பட்டதா, சேர்க்கப்பட்டிருந்தால் பிழைச்சாய்வு மதிப்பீட்டில் (முடிவைத் திரிக்கும் குறைகள் உண்டா என்ற பரிசோதனை) என்ன மதிப்பு பெற்றது என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். பலரும் தவறவிடும் தகவல் இது; ஆய்வின் தரத்தைப் பற்றி வேறொரு குழு ஏற்கெனவே செலவழித்த உழைப்பு இலவசமாகக் கிடைக்கிறது.

அந்த உழைப்பு சில நேரம் எண்ணிக்கையைத் தலைகீழாக்கும். ஜெர்மன் மயக்கவியலாளர் யோவாகிம் போல்ட், ஹைட்ராக்சிஎத்தில் ஸ்டார்ச் என்ற நரம்புவழித் திரவம் பற்றி நிறைய எழுதி நிறைய மேற்கோள் பெற்றவர். அவருடைய கட்டுரைகள் பல 2011 முதல் திரும்பப் பெறப்பட்டன. 2013இல் ஜாமா இதழில் வந்த, பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடும் மெட்டா அனாலிசிஸ் அவருடைய ஆய்வுகளை நீக்கிவிட்டுக் கணக்கிட்டபோது, அந்தத் திரவம் பெற்ற தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் இறப்பு கூடியிருந்தது தெரிந்தது. தாக்கம் இருந்தது, திசைதான் தவறு.

மறுபக்கத்தில் சீன ஆய்வாளர் தூ யூயூ. மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினினைப் பிரித்தெடுத்த வேலையின் முதல் கட்டுரை 1977இல் சீன மொழியில், தனிநபர் பெயர்கள் இல்லாமல், ஆய்வுக் குழுவின் பெயரில் வெளியானது. 2015இல் நோபல் பரிசு வாங்கியவரை, பெயரை வைத்துத் தேடும் எந்த மேற்கோள் கணக்கும் அந்தக் கட்டுரையோடு இணைத்திருக்காது.

புதிய கட்டுரைகளும் சரிபார்ப்பும்

வெளியாகி இரண்டு ஆண்டுகூட ஆகாத கட்டுரைக்கு மேற்கோள் எண்ணுவதில் பொருளில்லை. அதற்குப் பதிலாகப் பார்க்கக்கூடியவை வேறு: ட்ரையல் தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிவானதா, பதிவில் சொன்ன முதன்மை விளைவையே கட்டுரையும் சொல்கிறதா, தரவும் பகுப்பாய்வுக் குறிமுறையும் பிறர் எடுக்கும்படி இருக்கின்றனவா. இளம் ஆய்வாளருக்கு இவைதான் நியாயமான அளவுகோல். செய்தியிலும் சமூக ஊடகத்திலும் எத்தனை பேர் பேசினார்கள் என்ற எண்ணை இந்த இடத்தில் நிரப்புபவர்கள் உண்டு. அது கவனத்தை அளக்கிறது, அதுவும் ஓரிரு வாரக் கவனத்தை.

2015இல் நேச்சர் இதழில் வந்த லைடன் அறிக்கையின் பத்துக் கொள்கைகளில் ஐந்தாவது, மதிப்பிடப்படுபவருக்குத் தரவையும் பகுப்பாய்வையும் சரிபார்க்கும் வாய்ப்பு கொடுங்கள் என்கிறது. நடைமுறையில் இதன் பொருள் எளிது: கணக்கிடுவதற்கு முன் சுத்தம் செய்த பட்டியலை அவருக்கு அனுப்பி, விடுபட்டவை எவை, தவறாக ஒட்டியவை எவை, ஒவ்வொன்றிலும் அவருடைய பங்கு என்ன என்று கேட்பது. திரும்பி வரும் திருத்தங்களில் விடுபட்ட கட்டுரைகள் நிறையவும், தவறாகச் சேர்ந்துவிட்டவை குறைவாகவும் இருக்கும் என்பதை மட்டும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். பின்னதை நீங்களேதான் தேட வேண்டும்.